தண்ணீர்மலையின் புல்வெளிகளும் தானியங்கிப் புல்வெட்டியும்

பினாங்குத் தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனில், இன்று லிட்டில் இந்தியா என்று வழங்கும் பழைய வணிகத் தெருக்களிலிருந்து மேற்கே புறப்படும் பயணி, கடைவீதிகளையும் காலனிக்காலப் பங்களாக்களையும் கடந்து, சாலையின் இருமருங்கும் மரங்கள் கிளை கோத்து நிற்கும் ஒரு பள்ளத்தாக்கின் வாயிலைச் சிறிது நேரத்திலேயே அடைந்துவிடுகிறார். தமிழர் நாவில் தண்ணீர்மலை என்று நிலைபெற்றுவிட்ட இவ்விடம், மலைக்காட்டிலிருந்து இறங்கும் அருவியால் பெயர் பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இவ்வருவியின் நீர் நகருக்குக் குடிநீராகக் கொண்டு செல்லப்பட்டது. மலை, நீர், காடு, வழிபாடு ஆகிய நான்கும் ஒரே சாலையின் முடிவில் கூடுகின்றன என்பதால் இப்பகுதியைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அந்நான்கையே எழுதியிருக்கிறார்கள். அவற்றுக்கு இடையிலும் கீழும் பரந்து கிடக்கும் புல்லையும், அதை ஆண்டு முழுவதும் அளவோடு வைத்திருக்கும் உழைப்பையும், அவ்வுழைப்பில் இப்போது பங்கு கேட்டு வரும் ஒரு புதிய இயந்திரத்தையும் இக்கட்டுரை பின்தொடர்கிறது.

சாலை வழியே செல்பவர் முதலில் காண்பது கோயில்களை. 1850களில் எழுந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில் சாலையோரமாகவே அமைந்திருக்கிறது. சற்று அப்பால், ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறிச் சென்றால் 2012இல் குடமுழுக்குக் கண்ட அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயம் மலைமேல் நிற்கிறது. தைப்பூசத்தின்போது பினாங்கு ஸ்திரீட்டில் உள்ள கோயில் வீட்டிலிருந்து புறப்படும் வெள்ளி ரதம், வழிநெடுகச் சிதறும் தேங்காய்களுக்கிடையே இச்சாலையை வந்தடைகிறது. தண்ணீர்ப் பந்தல்கள் இருபுறமும் நெருங்கி நிற்க, காவடிகளும் பால்குடங்களும் மலையேறுகின்றன. தை மாதம் தீவில் மழை குறைந்திருக்கும் பருவம் என்பது பக்தர்களுக்கு மட்டுமன்றி, அவர்கள் கால்பட்டு இறுகும் சாலையோரத் தரைக்கும் பொருந்திய ஏற்பாடு. பங்குனி பிறந்து மழை மீளும்போது அந்தத் தரையெங்கும் புல் மறுபடி எழுந்துவிடும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் கூடுதலாக மழை பெய்யும் இத்தீவில் புல்லுக்கு உறங்கும் காலம் என்று ஒன்று இல்லை. ஐரோப்பாவில் குளிர்காலம் புல்வெட்டுபவருக்கு அளிக்கும் ஓய்வை இந்நிலம் எவருக்கும் அளிப்பதில்லை.

சாலை முடியும் இடத்தில் பினாங்குத் தாவரவியல் பூங்கா தொடங்குகிறது. 1884இல், கருங்கல் உடைத்தெடுக்கப்பட்ட ஒரு குவாரி நிலத்தில் இதை உருவாக்கியவர் சார்லஸ் கர்டிஸ் என்னும் ஆங்கிலத் தாவரவியலாளர். அதற்கு முன் அவர் வீச் என்னும் புகழ்பெற்ற நாற்றங்கால் நிறுவனத்துக்காகத் தென்கிழக்காசியத் தீவுகளில் செடி சேகரித்தவர். காட்டு ஆர்க்கிட் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. கல் தோண்டிய பள்ளங்களை நிரப்பி, சரிவுகளைச் சமன்செய்து, ஓடையை ஒட்டிப் பாதை அமைத்து, தூங்குமூஞ்சி மரங்களும் நாகலிங்க மரங்களும் நிழல்விரிக்கும் பெரும் புல்வெளிகளாக அந்நிலம் மாற்றப்பட்டது. மரங்களின் பெயர்ப்பலகைகளைப் படித்துச் செல்லும் பார்வையாளர், அம்மரங்களைத் தனித்தனியே கண்ணுக்குக் காட்டுவது அவற்றுக்கு இடையே உள்ள வெட்டப்பட்ட புல்லே என்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இரண்டு மாதம் வெட்டாமல் விட்டால், பூங்காவுக்கும் அதைச் சூழ்ந்த காட்டுக்கும் இடையிலுள்ள எல்லை மங்கத் தொடங்கிவிடும்.

இங்கும், தீவின் பள்ளித் திடல்களிலும் சாலையோரங்களிலும் மிகுதியாகக் காணப்படுவது, மலேசியாவில் மாட்டுப்புல் என்று பொதுவாகச் சொல்லப்படும் அகன்ற இலைப் புல். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து பரவிய இது, நிழலையும் ஈரத்தையும் தாங்கித் தரையோடு படர்ந்து வேர்விட்டுக்கொண்டே செல்வது. கோல்ஃப் ஆட்டக் களங்களில் இதனுடன் வேறு இரண்டு புல்வகைகள் சேர்கின்றன. ஒன்று, தமிழர் பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகு. அதையும் அதன் ஆப்பிரிக்க உறவினமான மற்றொரு புல்லையும் கலப்பினமாக்கி அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உருவாக்கிய குட்டை வகைகள் உலகின் வெப்பநாட்டுக் கோல்ஃப் களங்கள் பலவற்றில் பயிராகின்றன. மற்றொன்று, ஊசிபோன்ற மெல்லிய இலைகளுடன் மெத்தைபோல் அடர்ந்து வளரும் மணிலாப் புல். மூன்றும் ஓர் இயல்பில் ஒத்தவை. வளர்முனை இலையின் நுனியில் இல்லாமல் தண்டின் அடியில், தரையை ஒட்டி இருப்பதால், மேலே வெட்டியது அடியிலிருந்து மீண்டும் எழுகிறது. ஒரு வெட்டில் இலை உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கலாகாது என்பது புல்தரை வளர்ப்போர் எல்லோரும் ஏற்ற விதி. அதை மீறினால் உணவு ஆக்கும் பச்சைப் பரப்பு குறைந்து, வேர் தளர்ந்து, இடைவெளிகளில் களை நுழையும். மழைநாட்டில் இந்த விதியைக் காப்பது கடினம். ஒரு வாரம் விடாமல் மழை பெய்து வெட்டமுடியாமல் போனால், அடுத்த வாரம் இரண்டு மடங்கு வளர்ந்துவிட்ட புல்லை ஒரே முறையில் கீழிறக்க வேண்டிய நிலை வந்துவிடுகிறது.

இவ்வேலையைச் செய்த கைகள் யாருடையவை என்பது பினாங்கின் வரலாற்றோடு பிணைந்த கேள்வி. 18ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் பினாங்கு உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களில் சாலை வெட்டினர், வாய்க்கால் தோண்டினர், சதுப்பை நிரப்பினர். அவர்களைத் தொடர்ந்து நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர்கள், கங்காணிகளின் பின்னே கரும்புக்கும் காப்பிக்கும், பிறகு ரப்பருக்கும் சென்றனர். பால்வெட்டுக்கு அடுத்தபடியாகத் தோட்டத்தில் பேசப்பட்ட வேலை புல்வெட்டு. மரவரிசைகளுக்கிடையே களையும் புல்லும் மூடாமல் பார்ப்பது அன்றாடக் கூலிக்குரிய பணியாக, பெரும்பாலும் பெண்களின் பணியாக இருந்தது. மருந்தடிப்பு வந்த பின் அதே கைகள் களைக்கொல்லித் தெளிப்பானைத் தூக்கின. நகராட்சிகளின் கூலிப்படையிலும், ஆங்கிலேயர் மனமகிழ் மன்றங்களின் திடல்களிலும் தமிழர் பலர் வேலைபார்த்தனர். இன்று அந்த இடத்தில் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்களையும் காணலாம். ஆட்கள் மாறினாலும் வேலையின் கடுமை மாறவில்லை. தோளில் வார் மாட்டி, நீண்ட குழாயின் முனையில் சுழலும் நைலான் கயிற்றாலோ தகட்டாலோ புல்லைச் சீவும் பெட்ரோல் இயந்திரத்தை வெயிலில் மணிக்கணக்கில் தாங்குபவர், அதன் அதிர்வைக் கையிலும் இரைச்சலைக் காதிலும் புகையை மூச்சிலும் வாங்கிக்கொள்கிறார். தெறிக்கும் கல்லுக்காக முகத்துக்கு வலையும் காலுக்குக் கனத்த காலணியும் அணிய வேண்டியிருக்கிறது.

தண்ணீர்மலையிலிருந்து தெற்கே திரும்பினால், அதிகத் தொலைவின்றிப் பத்து காந்தோங் பகுதியில் பினாங்குக் குதிரைப் பந்தயக் கழகத்தின் பசுந்திடல் வருகிறது. 1864இல் தொடங்கி, மலேசியாவின் மிகப் பழைய பந்தயக் கழகமாக விளங்கிய இது, 1939 முதல் இவ்விடத்தில் இயங்கியது. கழகத்தைக் கலைப்பதென 2024இல் உறுப்பினர்கள் முடிவெடுக்க, 2025 மே மாத இறுதியில் இங்கே கடைசிக் குதிரை ஓடியது. பந்தயத் தடத்தோடு கோல்ஃப் களமும் சேர்ந்து அமைந்திருந்தது இதன் தனித்தன்மை. இந்த ஏற்பாடு சென்னையைப் பார்த்தவர்களுக்குப் புதிதன்று. கிண்டிப் பந்தயத் திடலின் நடுவிலும் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் களம் அமைந்திருந்தது. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே தோன்றிய மிகப் பழைய கோல்ஃப் கழகம் கல்கத்தாவில் 1829இல் தொடங்கியது. கொடைக்கானலில் 1895இல் ஒன்று எழுந்தது. சிங்கப்பூரில் 1891இலும் சிலாங்கூரில் 1893இலும் கழகங்கள் நிறுவப்பட்டன. காலனி ஆட்சி சென்ற இடமெல்லாம் இந்த ஆட்டமும், ஆட்டத்துக்கென வெட்டப்பட்ட புல்லும், புல்லை வெட்ட அமர்த்தப்பட்ட உள்ளூர்க் கூலியும் ஒன்றாகவே சென்றன. தீவின் தென்கிழக்கே புக்கிட் ஜம்புல் குன்றுகளில், அமெரிக்கக் கள வடிவமைப்பாளர் ராபர்ட் டிரென்ட் ஜோன்ஸ் ஜூனியர் அமைத்த களம் இன்றும் ஆட்டத்தில் இருக்கிறது. ஏற்றமும் இறக்கமுமாகச் செல்லும் அதன் புல்வழிகளைக் காண்பவர், தட்டை நிலமே அரிதான தீவு இது என்பதை உணர்வார்.

கோல்ஃப் களத்திலிருந்து வேறுபட்டது கோல்ஃப் பயிற்சித் திடல். டிரைவிங் ரேஞ்ச் என்று எங்கும் அறியப்படுவது. ஒரு பக்கம் கூரையின்கீழ் வரிசையாக அடிமேடைகள். அவற்றின் எதிரே ஏறத்தாழ இருநூறு முதல் முந்நூறு மீட்டர் நீளும் திறந்த புல்வெளி. தொலைவைக் காட்டும் பலகைகளும் கொடிகளும். சுற்றிலும் பந்து வெளியே போகாமல் தடுக்கும் உயர்ந்த வலை. பயில வருபவர் ஒரு கூடைப் பந்துகளை வாங்கி, நின்ற இடத்திலிருந்தே அடித்துக்கொண்டிருப்பார். அமெரிக்காவின் பைன்ஹர்ஸ்ட் ஊரில் 1913இல் அமைந்த பயிற்சிக் களம் இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. நிலம் அருகிய ஆசிய நகரங்களில், முழுக் களத்துக்கு வேண்டிய ஐம்பது அறுபது ஹெக்டேருக்குப் பதிலாக இரண்டு மூன்று ஹெக்டேரில் அடங்கிவிடுவதால், இத்தகைய திடல்கள் பெருகின. இரவில் விளக்கொளியிலும் இயங்குவதால் வேலை முடித்து வருபவர்களுக்கும் ஏற்றதாயின.

புல் பராமரிப்பவரின் கண்ணால் பார்த்தால், இத்திடல் விந்தையான நிலம். இதன்மீது யாரும் நடப்பதில்லை. ஆயினும் நாள் முழுதும் இதன்மீது பந்து விழுந்துகொண்டே இருக்கிறது. குறைந்தது 42.67 மில்லிமீட்டர் விட்டமும் அதிகம் போனால் 45.93 கிராம் எடையும் கொண்ட அந்தச் சிறு பந்து, வலுவான அடியில் மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் புறப்படுகிறது. மழைக்குப் பின்னான ஒரு காலையில் திடலின் நடுவே குனிந்து பார்த்தால் சிக்கல் முழுதும் தெரியும். உயரத்திலிருந்து செங்குத்தாக விழுந்த பந்து ஊறிய மண்ணில் பாதி அமிழ்ந்து, தனக்கென ஒரு குழியை அமைத்துக்கொண்டிருக்கும். அதைச் சுற்றி நான்கு விரல் உயரம் எழுந்த மாட்டுப்புல் அதன் வெண்மையை மறைத்திருக்கும். பொறுக்கும் வண்டியின் சக்கரத் தட்டுகள் அதன்மேல் ஏறினால் எடுக்காமல் இன்னும் ஆழமாக அழுத்திவிடும். பின்னால் வரும் கனத்த புல்வெட்டும் வண்டியின் இரும்புக் கத்தி அதைப் பிளக்கும், அல்லது கத்தியே பல்லுப்போகும். எனவே திடல்காரருக்கு ஒரே வழிதான் இருந்தது: ஆட்டத்தை நிறுத்தி, கம்பிக்கூண்டு மூடிய வண்டியை ஓட்டி எல்லாப் பந்தையும் பொறுக்கி, பிறகு புல்வெட்டும் வண்டியை இறக்கி, வேலை முடிந்த பின் மீண்டும் திறப்பது. மழைநாளில் அவ்வண்டிகள் பதித்துச் செல்லும் தடங்களில் நீர் தேங்கி, அடுத்த பந்து அங்கே இன்னும் ஆழமாகப் புதையும்.

புல்வெட்டும் இயந்திரமே இருநூறு ஆண்டுக்குள் வந்த பொருள். இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் கம்பளித் துணி ஆலைகளில் வேலைசெய்த எட்வின் பட்டிங், துணியின் மேல்மயிரைச் சீவும் உருளைக் கத்தியைப் புல்லுக்குப் பொருத்தி 1830இல் காப்புரிமை பெற்றார்; அதற்கு முன் அரிவாளும் ஆட்டு மந்தையுமே புல்தரையைக் குறைத்துவந்தன. ஆள் இன்றித் தானே ஓடும் புல்வெட்டி 1960களின் இறுதியில் அமெரிக்காவில் மோபாட் என்ற பெயரில் தோன்றினாலும், பயன்பாட்டுக்கு உகந்த வடிவம் 1995இல் வந்தது. 1689இல் துப்பாக்கித் தொழிற்சாலையாகத் தொடங்கிய சுவீடனின் ஹஸ்க்வர்னா நிறுவனம் சூரிய ஒளியில் இயங்கும் புல்வெட்டி ஒன்றை அவ்வாண்டு வெளியிட்டு, அதிலிருந்து மின்கலத்தில் ஓடும் வகைகளை வளர்த்தெடுத்தது. பெல்ஜியத்தின் பெல்ரோபாட்டிக்ஸ் நிறுவனம் பெரிய திடல்களுக்கான புல்வெட்டியையும், அதற்குத் துணையாகப் பந்து பொறுக்கும் ரோபோவையும் உருவாக்கிக் கோல்ஃப் பயிற்சித் திடலையே தன் தனிக் களமாக ஆக்கிக்கொண்டது. பொறுக்கும் ரோபோ தன் வயிறு நிறைந்ததும் அடிமேடை அருகிலுள்ள குழிக்குச் சென்று பந்துகளைக் கொட்டிவிட்டு மீண்டும் புறப்படுகிறது. குழியிலிருந்து அவை கழுவும் இயந்திரத்துக்கும், அங்கிருந்து கூடை நிரப்பும் பெட்டிக்கும் செல்லுமாறு இணைக்க முடிகிறது.

தானியங்கிப் புல்வெட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பவர், அதில் பெருங்கத்தி எதுவும் இல்லாததைக் கண்டு வியப்பார். சுழலும் வட்டத்தட்டின் விளிம்பில், சவர பிளேடு அளவிலான சிறு கத்திகள் ஓர் ஆணியில் தளர்வாகத் தொங்குகின்றன. தட்டு சுழலும்போது அவை வெளிப்புறம் விரிந்து புல்லின் நுனியைச் சீவுகின்றன. கல்லோ பந்தோ தட்டுப்பட்டால் உள்ளே மடங்கிக்கொள்கின்றன. ஒரே நேரத்தில் மிகுதியாக வெட்டும் வலிமை அவற்றுக்கு இல்லை. அந்த வலிமைக் குறைவையே இயந்திரத்தின் முறையாக மாற்றியிருக்கிறார்கள்: வாரம் ஒருமுறை மூன்று சென்டிமீட்டர் வெட்டுவதற்கு மாறாக, நாள்தோறும் சில மில்லிமீட்டர். இதனால் மூன்றில் ஒரு பங்கு விதி தானாகவே காக்கப்படுகிறது. வெட்டிய துணுக்குகள் மிகச் சிறியவை என்பதால் அள்ள வேண்டியதில்லை. புல்லின் அடியில் விழுந்து மட்கி, புல் எடுத்துக்கொண்ட தழைச்சத்தில் ஒரு பகுதியை மண்ணுக்கே திருப்பித் தருகின்றன. இருக்கையும் ஓட்டுநரும் பெரிய எஞ்சினும் இல்லாத இவ்வியந்திரம் டிராக்டரோடு ஒப்பிட மிக இலேசானது. ஈரத்தரையில் தடம் ஆழமாகப் பதிவதில்லை, பந்தும் அழுந்துவதில்லை. மேலோடு கெட்டியானது என்பதால், மேலிருந்து பந்துகள் விழும்போதே வேலையைத் தொடர்கிறது. ஆட்டத்தை நிறுத்த வேண்டிய கட்டாயம் பெருமளவு நீங்குகிறது. புல் எப்போதும் ஒரே குட்டை அளவில் இருப்பதால் பந்து கண்ணுக்குத் தெரிகிறது, பொறுக்கும் ரோபோவுக்கும் எளிதில் அகப்படுகிறது.

இவ்வியந்திரங்கள் தம் எல்லையை அறியும் முக்கிய வழிகள் இரண்டு. பழைய முறையில் திடலைச் சுற்றி மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு கம்பி புதைக்கப்படுகிறது. அதில் ஓடும் மெல்லிய மின்சமிக்ஞையை உணர்ந்ததும் இயந்திரம் திரும்பிக்கொள்கிறது, உள்ளே மனம்போன போக்கில் அலைந்தே பரப்பு முழுவதையும் நிரப்புகிறது. புதிய முறையில் துணைக்கோள்கள் வழிகாட்டுகின்றன. துணைக்கோள் சமிக்ஞையை மட்டும் நம்பினால் இடக்கணிப்பு சில மீட்டர் பிசகும். ஆனால் நிலையாக நட்டுவைத்த ஒரு வாங்கி அதே சமிக்ஞையைப் பெற்று, தான் இருக்கும் இடத்துக்கும் கணிப்புக்கும் உள்ள பிழையை உடனுக்குடன் இயந்திரத்துக்கு அறிவித்தால், பிசகு சில சென்டிமீட்டராகச் சுருங்கும். இந்த முறையில் ஓடும் சியோரா என்னும் பெரிய வகையை ஹஸ்க்வர்னா 2021இல் அறிமுகப்படுத்தியது. ஓர் இயந்திரமே பல ஹெக்டேர் பரப்பை இணைகோடுகளாக வெட்டிச் செல்கிறது.

இந்த அறிவோடு தண்ணீர்மலைக்குத் திரும்பி நோக்கினால், அதே இயந்திரம் ஓரிடத்தில் ஏன் பொருந்தும், வேறோரிடத்தில் ஏன் பொருந்தாது என்பது நிலத்தாலேயே விளங்குகிறது. தாவரவியல் பூங்கா மலைகள் சூழ்ந்த கிண்ணம்போன்ற பள்ளத்தாக்கில் இருக்கிறது. அங்கே வானம் குறுகியது, பெருமரங்களின் கவிகை அதை இன்னும் குறுக்குகிறது. துணைக்கோள் சமிக்ஞை மலைச்சரிவில் மோதித் திரும்பி வரும்போது கணிப்பு வழுவும். சரிவுகள் செங்குத்தானவை, பெரிய தானியங்கிகள் மென்சரிவுக்கென அமைந்தவை. நீண்டவால் குரங்குகள் கூட்டமாக உலவும் இடம் அது. கையில் கிடைத்ததைப் பிரித்துப் பார்க்கும் அவற்றின் இயல்பை அறிந்தவர், ஆளில்லாமல் ஓடும் பொருளொன்றை அங்கே விடத் தயங்குவார். குழந்தைகள் ஓடியாடும் பொதுப்பூங்கா அது என்பது எல்லாவற்றுக்கும் மேலான காரணம். பயிற்சித் திடலோ திறந்த வானமும், மரமற்ற பரப்பும், வலையிட்ட எல்லையும், உள்ளே மனிதர் நடமாட்டம் இல்லாத ஒழுங்கும் கொண்டது. இயந்திரம் கேட்கும் நிபந்தனைகள் அனைத்தும் அங்கே ஏற்கெனவே நிறைவேறியிருக்கின்றன.

அங்கும் வெப்பமண்டலம் தன் கேள்விகளை எழுப்பாமல் இல்லை. ஈரப்புல்லின் துணுக்குகள் சக்கரத்திலும் கத்தித்தட்டின் அடியிலும் அப்பிக்கொள்ளும். அதை நாள்தோறும் சுரண்டாவிட்டால் வெட்டு கிழிவாக மாறி, கிழிந்த நுனி வழியே பூஞ்சை நோய் நுழையும். மாலைதோறும் இடிமின்னல் வரும் பருவத்தில், புதைத்த கம்பியும் மின்னேற்ற நிலையமும் மின்னல் பாய்ச்சலுக்கு எளிதில் இலக்காகும். காப்புக் கருவி இல்லாமல் அவற்றை நிறுவுவது வீண்செலவு. வடிகால் சரியில்லாத பள்ளத்தில் எவ்வளவு இலேசான இயந்திரமும் சிக்கிக்கொள்ளும். இரவில் ஓடவிடுவது திடல்காரருக்கு வசதி; ஆனால் இரவு என்பது தவளைக்கும் பாம்புக்கும் முள்ளம்பன்றிக்கும் உரிய நேரம். டென்மார்க்கில் நடந்து 2021இல் வெளியான ஆய்வொன்று, சந்தையிலுள்ள பல தானியங்கிப் புல்வெட்டிகளை முள்ளெலிகளின் உடல்களைக் கொண்டு சோதித்து, அவை எதிரில் கிடக்கும் சிற்றுயிரைத் தொடாமலே உணர்வதில்லை என்றும், சில வகைகள் காயப்படுத்துகின்றன என்றும் காட்டியது. ஜெர்மனியின் கொலோன் நகரம் இரவில் இவற்றை ஓட்டத் தடை விதித்தது. காட்டின் விளிம்பில் அமைந்த பினாங்கின் திடல்களுக்கு இந்த எச்சரிக்கை ஐரோப்பியத் தோட்டங்களைவிடக் கூடுதலாகவே பொருந்தும். பகலில் ஆட்டம் நடக்கும்போதே வெட்டும் ஆற்றல் இதற்கு இருக்கையில், இரவை விலங்குகளுக்கு விட்டுக்கொடுப்பதால் திடலுக்கு இழப்பு ஏதுமில்லை.

எஞ்சி நிற்கும் கேள்வி தொழிலாளரைப் பற்றியது. இயந்திரம் வந்தால் ஆள் குறையும் என்ற அச்சத்தைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும், பின் வீட்டுமனைக்கும் மாறியபோது, பல தலைமுறைகளாக அந்நிலத்தையே அறிந்திருந்த தமிழ்க் குடும்பங்கள் மாற்றுத்தொழிலும் சொந்த வீடும் இன்றி வெளியேற நேர்ந்ததை மலேசியத் தமிழர் மறக்கவில்லை. ஆயினும் பயிற்சித் திடலில் வெட்டும் வேலை எது, பார்க்கும் வேலை எது என்று பிரித்து நோக்க வேண்டும். பந்து பறக்கும் வெளியில் கூண்டு வண்டி ஓட்டுவதும், ஒரே நேர்கோட்டில் ஆயிரம் முறை சென்று திரும்புவதும், புகையையும் அதிர்வையும் தாங்குவதும் எந்த மனிதருக்கும் விட்டுவைக்கத் தக்க வேலைகள் அல்ல. நிலத்தின் எந்த மூலையில் நீர் நிற்கிறது, எந்தத் திட்டில் புல் பழுக்கிறது, அது பூஞ்சையா புழுவா சத்துக்குறையா, எந்த வாரம் வெட்டு உயரத்தை ஏற்ற வேண்டும் என்பவற்றை அறிவதோ, மண்ணைத் தொட்டும் புல்லைப் பிடுங்கி வேரைப் பார்த்தும் ஆண்டுகளால் கைவரும் அறிவு. துணைக்கோளுக்கு இடம் தெரியும். அந்த இடத்தில் புல்லுக்கு என்ன நேர்கிறது என்பது தெரியாது.

அந்த அறிவை உடையவருக்குக் கருவியின் அறிவையும் சேர்த்துக் கற்பிக்க வல்ல ஊர் பினாங்கு. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972இல் திறந்தது இத்தீவில்தான். அதுமுதல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுத் தொழில் அரைநூற்றாண்டுக்கும் மேலாக வளர்ந்திருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களும் பழுதுபார்ப்போரும் குறைவின்றி இருக்கிறார்கள். புல்வெட்டும் தொழிலாளி ஒருவர், கத்தி மாற்றவும் மின்கலம் சோதிக்கவும் எல்லையை வரைபடத்தில் திருத்தவும் சில மாதங்களில் பழகிக்கொள்ள இயலும். மண்ணறிவு இல்லாத இயந்திரவியலாளர் ஒருவர் புல்லின் நோயைச் சில மாதங்களில் பழகிக்கொள்வது அரிது. ஆகவே தானியங்கியை வாங்கும் கழகம், அதை இயக்க வெளியிலிருந்து ஆள் தேடுவதற்கு முன், இதுவரை தோளில் இயந்திரம் சுமந்தவரையே பயிற்றி, ஊதியம் உயர்த்தி, திடல் பராமரிப்பாளராக நியமிப்பது அறத்துக்கும் கணக்குக்கும் ஒருங்கே உகந்தது.

தண்ணீர்மலையையும் புக்கிட் ஜம்புலையும் ஒரு பயிற்சித் திடலையும் ஒரே பயணத்தில் பார்ப்பவருக்கு, ஒரே தீவிலேயே புல்வெளி மூன்று விதமான பொறுப்புகளைச் சுமப்பது தெரியவரும்: பூங்காவில் அது மக்களுக்கு அமரும் இடம், களத்தில் நுட்பமான ஆட்டத்தின் தரை, பயிற்சித் திடலில் பந்தை வாங்கித் திருப்பித் தரும் பரப்பு. மூன்றுக்கும் ஒரே கருவி என்று முடிவுசெய்வது நிலத்தை அறியாதவர் செயல். பூங்காவின் சரிவுகளுக்கு மனிதக் கையும் சிறு இயந்திரமும் இன்னும் நெடுங்காலம் வேண்டியிருக்கும். களத்தில் பந்து உருளும் குழித்தரைக்கு மூன்று நான்கு மில்லிமீட்டரில் சீவும் உருளைக் கத்தி இருந்தாக வேண்டும். பயிற்சித் திடலைத் தானியங்கியிடம் இன்றே ஒப்படைக்கலாம், பகலில் மட்டும், நல்ல வடிகாலோடு, மின்னல் காப்போடு, பயிற்சி பெற்ற பழைய தொழிலாளியின் மேற்பார்வையில். இந்நான்கு நிபந்தனைகளில் கடைசியானது நிறைவேறாவிட்டால், முதல் மூன்றைக் காக்கவும் திடலில் ஆள் இருக்கமாட்டார்.